அறுநூறு யானைகள் நடந்த காட்டில்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. நடுவில் நாற்காலியில் வெள்ளைக்காரத் துரை. மடியில் துப்பாக்கி. அவர் காலடியில் செத்துக் கிடக்கும் புலி. பின்னால் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர். இடது ஓரத்தில், கையில் தகர டின்னோடு ஒல்லியாக நிற்பவர் என் தாத்தா. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். 1930களில் எடுத்த படம்.

மாடுகளைத் தூக்கிக்கொண்டு போன புலியாம் அது. ஆட்கள் டின்னைத் தட்டிக்கொண்டே புதருக்குள் இறங்கி விரட்ட, பரண்மேல் உட்கார்ந்திருந்த துரை சுட்டாராம். அந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிகூடக் கழிந்ததில்லை. சொல்லும்போதெல்லாம் அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

போன டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, எங்கள் அடுக்ககத்தின் காவலாளி அண்ணன்தான் யோசனை சொன்னார். அவர் நேபாளத்துக்காரர். "எங்கள் ஊருக்குப் போங்கள். சித்வன். புலி, காண்டாமிருகம் எல்லாம் பார்க்கலாம்" என்றார். புலி என்ற சொல் காதில் விழுந்ததும் 74 வயது அப்பா நாளிதழை மடித்து வைத்தார். அப்போதே பயணம் முடிவாகிவிட்டது.

அண்ணன் என்றால் 'தாய்'

கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டுக்கு நாலரை மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து சித்வனுக்குப் பக்கத்து நகரமான பரத்பூருக்குச் சிறு விமானத்தில் அரை மணிக்கும் குறைவுதான். நாங்கள் சாலை வழியாகப் போனோம். திரிசூலி ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை அது. என் மகன் கவினுக்கு இரண்டு முறை வாந்தி. அப்பா மட்டும் கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையைப் பார்த்த மாதிரி ரசித்துக்கொண்டு வந்தார்.

நேபாள மொழியில் அண்ணனை 'தாய்' என்று அழைக்கிறார்கள். உச்சரிப்பில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. ஆனால் தமிழில் எழுதினால் அம்மாவாகிவிடும். மீசை வைத்த ஓட்டுநரைக் கவின் 'தாய், தாய்' என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்.

மலை இறங்கியதும் நிலம் திடீரெனத் தட்டையாகிறது. இதைத்தான் தெராய் என்கிறார்கள். இமயமலையின் அடிவாரத்தில், இந்திய எல்லையை ஒட்டி நீளும் சமவெளி. கடுகு பூத்த மஞ்சள் வயல்கள், தாரு மக்களின் மண் சுவர் வீடுகள், அவற்றுக்கு அப்பால் சால மரக் காடு. நாங்கள் தங்கிய சௌரஹா என்ற சிற்றூர் ராப்தி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் சித்வன் தேசியப் பூங்கா.

முதல் நாள் மாலை கரையோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிர்க்கரைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் இறங்கிவந்து, எருமைபோல நிதானமாகத் தண்ணீர் குடித்தது. தோலெல்லாம் இரும்புத் தகடுகளை ஆணி அடித்து மாட்டிய மாதிரி. கவின் மெதுவாகக் கேட்டான்: "அம்மா, நம் நாட்டில் காண்டாமிருகம் இல்லையா?"

இருந்தது. 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்தது. மலேசியாவில் இருந்த கடைசி சுமத்ரா காண்டாமிருகம் அதுதான். அதைச் சொன்னதும் அவன் ஒன்றும் பேசவில்லை.

பத்து நாளில் 39 புலிகள்

மறுநாள் காலை எங்கள் வழிகாட்டி ஜீப்பில் காட்டுக்குள் அழைத்துப் போனார். தாரு இனத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். யானைப்புல் ஜீப்பின் கூரைக்கு மேலே எழுந்து நின்றது. "இதற்குள் ஒரு புலி பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. அதனால்தான் ராஜாக்கள் யானையில் வந்தார்கள்" என்றார். பிறகு அவர் சொல்லத் தொடங்கியதும், நான் ஏற்கெனவே படித்திருந்ததும் சேர்ந்து அந்தக் காடே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

1911 டிசம்பர் 12ஆம் தேதி டெல்லியில் மாபெரும் தர்பார் நடத்தி, இந்தியாவின் பேரரசராக மக்கள்முன் அமர்ந்தார் ஐந்தாம் ஜார்ஜ். தர்பார் முடிந்ததும் மேரி ராணி ஆக்ரா, ராஜபுதனம் பக்கம் போனார். மன்னர் நேபாளத் தெராய்க்கு வந்தார். எல்லைவரை ரயில்; அதற்குப் பிறகு அவருக்காகவே காட்டில் போட்ட பாதை. ராப்தி ஆற்றருகே ஒரு கூடார நகரமே எழும்பியிருந்தது. 600க்கும் மேற்பட்ட யானைகள் காத்திருந்தன.

ஏறத்தாழ பத்து நாள் வேட்டை. 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள், 4 கரடிகள். அவற்றில் 21 புலிகளையும் 8 காண்டாமிருகங்களையும் ஒரு கரடியையும் மன்னர் ஒருவரே சுட்டார்.

ஒரு மனிதர் பத்து நாளில் 21 புலிகளைச் சுடுவது எப்படி முடியும்? துப்பாக்கித் திறமை அதில் சிறு பங்குதான். மீதியெல்லாம் ஏற்பாடு.

முதல் நாள் மாலையே காட்டின் பல இடங்களில் எருமைக் கன்றுகளைக் கட்டி வைப்பார்கள். விடிந்ததும் தடம் பார்ப்பவர்கள் போய், எந்தக் கன்று அடிபட்டிருக்கிறது என்று பார்த்து வருவார்கள். வயிறு நிறையத் தின்ற புலி வெகுதூரம் போகாது. பக்கத்திலேயே நிழல் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அந்த இடத்தைச் சுற்றி இரண்டு பக்கமாக யானைகள் வரிசையாகப் போய், எதிர்ப்புறத்தில் சந்தித்து வட்டத்தை மூடும். பிறகு வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கும். சில இடங்களில் வெள்ளைத் துணியை வேலிபோலக் கட்டுவார்கள். பழக்கமில்லாத அந்த வெள்ளையைக் கண்டு புலி தாண்டத் தயங்கும். யானைகள் புல்லை மிதித்துச் சாய்த்தபடி நெருங்க, அம்பாரியில் உட்கார்ந்திருப்பவர் சுடுவார்.

அதாவது, மன்னர் வருவதற்கு முன்பே புலி பிடிபட்டாகிவிட்டது.

அந்த வேட்டையின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இரவு விடுதி அறையில் கைப்பேசியில் அப்பாவுக்குக் காட்டினேன். வரிசையாகக் கிடத்திய புலிகள். பின்னால் யானைகள், தொப்பி போட்ட கனவான்கள், அவர்களுக்கும் பின்னால் முகம் சரியாகத் தெரியாத நூற்றுக்கணக்கான ஆட்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "நம் வீட்டுப் படம்தான். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது" என்றார்.

வேட்டையும் ராஜதந்திரமும்

நேபாளத்தை அப்போது ஆண்டவர்கள் ராணா குடும்பத்துப் பிரதமர்கள். மன்னர் பெயருக்குத்தான். 1911இல் விருந்து வைத்தவர் சந்திர சம்ஷேர் ராணா. அண்டை நாடான இந்தியா பிரிட்டிஷ்காரர்களின் பிடியில் இருந்த காலம். நேபாளத்திடம் இருந்த சீதனம் இரண்டு: கூர்க்கா வீரர்கள், இந்தக் காடு. இரண்டையும் நட்புக்காகக் கொடுத்தார்கள். 1921 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வேட்டைக்கு வந்தார். 1923இல் நேபாளம் சுதந்திர நாடு என்பதை ஏற்று பிரிட்டன் ஒப்பந்தம் செய்தது. புலி வேட்டையால்தான் அது கிடைத்தது என்று சொல்ல முடியாது. முதல் உலகப் போரில் கூர்க்காக்கள் சிந்திய இரத்தம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அம்பாரி விருந்துகளும் அந்த உறவின் ஒரு பகுதிதான்.

கூர்க்காக்களை நமக்குத் தெரியும். மலாயாவின் அவசரகாலத்தில் காட்டில் சண்டையிட்டவர்கள். சிங்கப்பூர்க் காவல்துறையில் 1949 முதல் அவர்களுக்கென்று தனிப் படை உண்டு. இன்று நம் அடுக்ககங்களின் வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களிலும் பலர் அந்த மலைகளிலிருந்தும் இந்தச் சமவெளியிலிருந்தும் வந்தவர்களே.

யானை வளையத்தின் கடைசிப் பெரிய காட்சி 1961 பிப்ரவரியில் நடந்தது. எலிசபெத் ராணியும் பிலிப் இளவரசரும் வந்திருந்தார்கள். மன்னர் மகேந்திரா சித்வனின் மெகௌலியில் முகாம் அமைத்தார். 300க்கும் மேற்பட்ட யானைகள் திரண்டன. ஆனால் இளவரசர் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சுட முடியாது என்றுவிட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியாவில் அவர் ஒரு புலியைச் சுட்டு, பிரிட்டனில் கண்டனம் எழுந்திருந்தது. சித்வனில் உடன் வந்தவர்கள் சுட்டார்கள். அதே ஆண்டு உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது, அதன் பிரிட்டிஷ் கிளைக்குத் தலைவரானவர் அதே பிலிப்தான். காலம் திரும்பிக்கொண்டிருந்தது.

கொசு காத்த காடு

இவ்வளவு சுட்டும் காட்டில் விலங்குகள் மிஞ்சியது எப்படி என்று கவின் கேட்டான். எனக்கும் அதே கேள்விதான். பதில் சங்கடமானது.

இந்தக் காட்டை ராணாக்கள் தங்கள் வேட்டைக்காகவே வைத்திருந்தார்கள். வேறு யாரும் காண்டாமிருகத்தைத் தொட்டால் கடும் தண்டனை. அதைவிடப் பெரிய காவலாளி கொசு. தெராயில் மலேரியா அவ்வளவு கொடுமை. மலைவாசிகள் இங்கே இரவு தங்கவே அஞ்சினார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, அந்தக் காய்ச்சலை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கும் உடல்வாகு பெற்ற தாரு மக்கள் மட்டும் காட்டோடு இருந்தார்கள்.

1951இல் ராணா ஆட்சி முடிந்தது. 1950களின் நடுவில் டிடிடி தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார்கள். மலையில் நிலமில்லாமல் தவித்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிவந்து காட்டை வெட்டி வயலாக்கின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பசித்தவர்களுக்கு நிலம் வேண்டும். ஆனால் 1960களின் முடிவில் சித்வனில் காண்டாமிருகங்கள் நூறுக்குக் கீழே போய்விட்டன. மன்னர்களின் தோட்டா பத்துப் பதினைந்து நாளில் செய்ததைவிட, மண்வெட்டியும் கள்ள வேட்டையும் பத்துப் பதினைந்து ஆண்டில் அதிகம் செய்துவிட்டன.

1973இல் சித்வன் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவானது. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ராணுவம் காவலுக்கு வந்தது. 2021 கணக்கெடுப்பில் சித்வனில் மட்டும் 694 காண்டாமிருகங்கள். 2022இல் 128 புலிகள். 2010இல் நேபாளம் முழுவதிலுமே 121 புலிகள்தான் இருந்தன.

இந்த எண்களைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்த வழிகாட்டி, ஓரிடத்தில் குரல் தாழ்த்தினார். பூங்காவுக்காகக் கிராமங்களை எழுப்பி வேறிடத்தில் குடியேற்றினார்கள். முன்பு விறகும் மீனும் கீரையும் எடுத்த காட்டுக்குள் இப்போது அனுமதியில்லாமல் போக முடியாது. புலி கூடக் கூட, புல் அறுக்கப் போனவர்கள் திரும்பி வராத நாட்களும் உண்டு. அவருடைய சித்தியும் அப்படிப் போனவர்தான். "புலி எங்களுக்குச் சோறும் போடுகிறது, பயமும் தருகிறது" என்றார். பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 விழுக்காடு சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் வேலியும் பள்ளியும் வந்திருக்கின்றன. சித்தி வரவில்லை.

பாகனின் கேள்வி

மூன்றாம் நாள் யானைக் கொட்டிலுக்குப் போனோம். நேபாளத்தில் அரசு யானை ஒன்றுக்கு மூன்று பேர். தலைமைப் பாகன் பணித், அடுத்தவர் பச்சுவா, மூன்றாமவர் மகுத். நெல், வெல்லம், உப்பு வைத்துப் புல்லால் கட்டிய உருண்டையை யானைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் 'குச்சி'! கவினுக்கு அன்று முழுக்க அதுதான் சிரிப்பு.

சவாரி செய்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் முந்தைய இரவே வாக்குவாதம். முதுகில் கூடையும் நாலு பேரும் ஏறினால் யானைக்குத் துன்பம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஏற மாட்டேன் என்றான் கவின். அப்பாவுக்கோ முழங்கால் வலி. நடந்து காட்டைப் பார்க்க முடியாது. அதோடு, துரைகள் ஏறிய யானையில் தானும் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

கொட்டிலில் நரைத்த தலைப் பாகன் ஒருவர். வழிகாட்டி மொழிபெயர்க்க, அப்பா அவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவருடைய தாத்தாவும் பாகன். அந்தக் கால வேட்டை வளையத்தில் நின்றவர். புலி வட்டத்தை உடைக்கப் பார்க்கும்போது எந்த யானையை நோக்கிப் பாயும் என்று யாருக்கும் தெரியாதாம். அம்பாரியில் இருப்பவர் கையில் துப்பாக்கி. யானையின் கழுத்தில் இருப்பவர் கையில் வெறும் அங்குசம். புலி முதலில் எட்டுவது கழுத்தைத்தான்.

அப்பா சட்டென்று, "என் அப்பாவிடம் தகர டின்தான் இருந்தது" என்றார் தமிழிலேயே. வழிகாட்டிக்குப் புரியவில்லை. நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் நேபாளியில் சொல்ல, பாகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அப்பா, சவாரி வேண்டாம், ஜீப்பிலேயே போகலாம் என்றார். அதை நான் மொழிபெயர்க்கச் சொன்னபோது பாகன் ஒன்று கேட்டார். "இவை இன்று கள்ள வேட்டைக்காரரைத் தேடி ரோந்து போகின்றன, அரசு சோறு போடுகிறது. வெளியே சவாரி யானை வைத்திருப்பவன் என்ன செய்வான்? யாரும் ஏறாவிட்டால் யார் தீனி போடுவது? காட்டில் விட்டால் அவற்றுக்குப் பிழைக்கத் தெரியுமா?" எங்கள் யாரிடமும் பதில் இல்லை. ஏறாமல் வந்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைக்க முடியவில்லை.

புலியைக் கொன்ற இடம்

கடைசி நாள் சௌரஹாவை ஒட்டிய பாக்மாரா காட்டில் நடந்தோம். கிராம மக்களே பராமரிக்கும் சமூகக் காடு. மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப்போன நிலத்தில் மரம் நட்டு வளர்த்தது. 'பாக்' என்றால் புலி, 'மாரா' என்றால் கொன்றது. புலியைக் கொன்ற இடம் என்று பெயர். இன்று அதே இடத்தில் காண்டாமிருகம் மேய்வதைக் காட்டி, கிராமத்தார் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள்.

மதியம் தாரு வீட்டில் சாப்பாடு. கடுகு மசாலாவில் வேகவைத்த நத்தையை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும், கோங்கி என்கிறார்கள். நம்மூர் சிப்புட் சேடுட் சாப்பிட்டவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா இரண்டு கிண்ணம் காலி செய்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரி காலையில் பனிமூட்டமும் குளிரும் உண்டு, கம்பளி தேவை. உயரப் புல்லை அறுத்தபின், பிப்ரவரி, மார்ச்சில் விலங்குகள் நன்றாகத் தெரியும். மலேசியர்கள் காட்மாண்டு விமான நிலையத்திலேயே விசா எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டி இல்லாமல் காட்டில் கால் வைக்காதீர்கள். நாங்கள் புலியைப் பார்க்கவில்லை. ஆற்று மணலில் அதன் தடத்தைத்தான் பார்த்தோம். கவின் தன் உள்ளங்கையை விரித்து அதன் அருகே வைத்துப் பார்த்தான். தடம்தான் பெரிதாக இருந்தது.

நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. நம் காடுகளிலோ 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே மிஞ்சியிருக்கின்றன என்கிறது தேசியக் கணக்கெடுப்பு. இன்று துரையும் இல்லை, பரணும் இல்லை. கண்ணிக் கம்பியும் காடழிப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. பகாங்கில் 2023இல் அரச புலிகள் காப்பகம் ஒன்று உருவாகியிருக்கிறது. நூறுக்குக் கீழே போன காண்டாமிருகத்தை நேபாளம் மீட்டது என்பதை நேரில் பார்த்து வந்ததால், அந்தச் செய்தியை இப்போது நம்பிக்கையோடு படிக்கிறேன்.

ஊர் திரும்பிய மறுநாள், அப்பா வரவேற்பறைப் படத்தைக் கழற்றினார். எடுத்துவிடப் போகிறாரோ என்று பார்த்தேன். சட்டத்தின் பின்னட்டையைத் திறந்து, எட்டுப் பேரில் தனக்கு நினைவிருந்த ஐந்து பெயர்களைப் பேனாவால் எழுதினார். முதல் பெயர் என் தாத்தாவுடையது. மற்ற மூவரின் பெயர் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பழைய தோட்டத்துக்காரர்களுக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. துரையின் பெயரை எழுதவில்லையா தாத்தா என்று கவின் கேட்டான்.

"அது படத்துக்குக் கீழே ஏற்கெனவே அச்சடித்திருக்கிறதே" என்றார் அப்பா.